அப்பாவுக்கு டயாலிசிஸ் போதுமான அளவு நடக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? யூஆர்ஆர் (ஒரு டயாலிசிஸில் யூரியா குறைந்த சதவீதம்) 54 வந்திருக்கிறது

காசிமேட்டு மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. காசிமேட்டில் மீன் ஏலத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். சர்க்கரையில் கிட்னி போய் 14 மாதமாக டயாலிசிஸ் நடக்கிறது. வாரம் இரண்டு தடவை, திங்களும் வியாழனும், காலை முதல் ஷிப்ட். இடது கையில் ஃபிஸ்டுலா (ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்). ட்ரை வெயிட், அதாவது கூடுதல் நீர் இல்லாத எடை, 58 கிலோ. காப்பீட்டு அட்டையில் நடப்பதால் பணத்துக்குப் பெரிய கஷ்டம் இல்லை.

ஆனால் இரண்டு மாதமாக மனிதர் மனிதராக இல்லை. ராத்திரி முழுக்க உடம்பைச் சொறிகிறார், முதுகெல்லாம் கீறல். தூக்கம் கிடையாது. சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது, வாய் கசக்கிறது என்கிறார். டயாலிசிஸ் பண்ணினால் இதெல்லாம் குறைய வேண்டும்தானே? சென்டரில் கேட்டால் "ரிப்போர்ட் ஓகேதாம்மா, வயசாகுது இல்ல" என்று முடித்துவிடுகிறார்கள்.

நர்ஸ் வேலையில் இருக்கும் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் எடுத்த யூரியாவைக் கேட்டு வாங்கச் சொன்னாள். வாங்கினேன். முன்னால் 148, பின்னால் 68. அதை வைத்து யூஆர்ஆர் 54 சதவீதம் என்று கணக்குப் போட்டு, இது குறைவு என்றாள். எதனால் குறைந்தது என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவிடுகிறேன். சீட்டில் 4 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பவள் நான், பெரும்பாலும் மூன்றே கால் மணி நேரத்தில் மெஷினில் இருந்து எடுத்துவிடுகிறார்கள். பாதி நாள் அப்பாவே காலில் குரக்களி இழுக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று கேட்டுவிடுகிறார். மெஷினில் ரத்த ஓட்டம் நிமிடத்துக்கு 220 மில்லி என்று காட்டுகிறது. ஒரே ஃபில்டரைக் கழுவிக் கழுவிப் போடுகிறார்கள், இப்போது எட்டாவது தடவை. தப்பு மெஷினிலா, ஃபில்டரிலா, கையிலா, இல்லை எங்கள் பக்கமா? யாராவது விவரமாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.


வடசென்னை டெக்னீசியன்:

நீங்கள் எழுதிய விவரத்திலேயே பாதி பதில் இருக்கிறது அக்கா. நான் 11 வருடமாக மெஷின் பக்கத்தில் நிற்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் சொந்தக்காரப் பெண் போட்ட கணக்கு சரி. 148இல் 80 குறைந்திருக்கிறது, அதாவது 54 சதவீதம். குறைந்தபட்சம் 65ஐத் தாண்ட வேண்டும், அதுவும் வாரம் மூன்று தடவை பண்ணுகிறவருக்கு. இதையே கேடி/வி என்று இன்னொரு விதமாகவும் கணக்கிடுவோம். கே என்பது அந்த ஃபில்டர் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்பது, டி என்பது எத்தனை நிமிடம், வி என்பது உடம்பில் யூரியா கலந்திருக்கும் மொத்த நீர். ஆணுக்கு எடையில் சுமார் 58 சதவீதம் நீர் என்று வைத்தால் அப்பாவுக்கு 33 லிட்டர் சொச்சம் வரும். அந்த 33 லிட்டரையும் ஒரு தடவை முழுசாகக் கழுவி, அதற்கு மேலும் கொஞ்சம் கழுவ வேண்டும். அதனால்தான் குறைந்தது 1.2, குறிவைப்பது 1.4 என்று சொல்கிறார்கள்.

இப்போது உங்கள் அப்பா கணக்குக்கு வருவோம். 220 ஓட்டத்தில் ஃபில்டர் நிமிடத்துக்கு 165 மில்லி போலச் சுத்தம் செய்யும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றே கால் மணி என்றால் 195 நிமிடம். பெருக்கினால் 32 லிட்டர். உடம்பில் இருக்கும் நீரோ 33 லிட்டருக்கு மேல். ஒரு தடவைகூட முழுசாகக் கழுவவில்லை, 0.96 போல வருகிறது. வேறு எதையும் மாற்றாமல் முழு 4 மணி நேரம் ஓட்டினாலே 1.18க்கு வந்துவிடும். ஓட்டத்தையும் 280க்கு ஏற்ற முடிந்தால் 1.4ஐ ஒட்டி வரும். இதெல்லாம் தோராயம்தான், ஆனால் எந்த இடத்தில் இழக்கிறோம் என்பது புரியும். அந்த முக்கால் மணி நேரம்தான் முதல் திருடன்.

நேரம் எப்படிக் குறைகிறது என்று உள்ளே நிற்கிறவனாகச் சொல்கிறேன். முதல் ஷிப்ட் 6 மணிக்கு என்றால் ஊசி போட்டு ஓட ஆரம்பிக்க 6.25 ஆகும். இரண்டாவது ஷிப்ட்காரர் 10 மணிக்கே வாசலில் வீல்சேரில் இருப்பார். நடுவில் அலாரம் அடித்து பம்ப் நின்ற நிமிடங்கள் வேறு. எல்லாம் போக உடம்புக்குச் சேர்ந்தது என்னவோ அதுதான் டயாலிசிஸ், சீட்டில் எழுதியது கிடையாது. மெஷின் திரையில் ஓடிய நேரமும் மீதி நேரமும் காட்டும். சுவர்க் கடிகாரத்தை விட்டுவிட்டு அப்பாவை அதைப் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே சுத்தம் செய்த மொத்த ரத்தம் எத்தனை லிட்டர் என்றும் ஒரு எண் வரும், முடிக்கும்போது அதைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு மாதம் எழுதினால் டாக்டரிடம் பேசக் கையில் ஆதாரம் இருக்கும்.

ஃபில்டரைப் பற்றி. அதே நோயாளிக்கு அதே டயலைசரைக் கழுவித் திரும்பப் போடுவது நம் ஊரில் வழக்கம்தான், ஒழுங்காகச் செய்தால் கெடுதல் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் இழைகள் எவ்வளவு கொள்ளளவு பிடிக்கின்றன என்று அளக்க வேண்டும், புதிதாக இருந்தபோது இருந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். எட்டாவது தடவையா பத்தாவது தடவையா என்பது விஷயமே இல்லை, அந்த அளவு என்ன என்று கேளுங்கள். முடிக்கும்போது ஃபில்டருக்குள் கருஞ்சிவப்புக் கோடு கோடாகத் தெரிந்தால் ரத்தம் உறைகிறது, உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் போதவில்லை என்று அர்த்தம்.


வியாசர்பாடி அண்ணன்:

தங்கச்சி, நான் டாக்டரும் இல்லை டெக்னீசியனும் இல்லை. ஒன்பது வருடமாக ஊசி குத்திக்கொள்கிறவன், அந்த உரிமையில் பேசுகிறேன்.

அப்பா ஏன் எடுக்கச் சொல்கிறார் என்று யாராவது உட்கார்ந்து கேட்டீர்களா? குரக்களி என்றால் எப்படி இருக்கும் தெரியுமா, கெண்டைக்கால் சதையை யாரோ கயிறு திரிக்கிற மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் கேடியும் தெரியாது வியும் தெரியாது, எடுத்துவிடு சாமி என்றுதான் வாயில் வரும். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் அரை மணி, முக்கால் மணி முன்னாலேயே எழுந்து வந்தேன். ஜெயித்த மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து ராத்திரி சொறிவேன்.

குரக்களி வருவது பெரும்பாலும் தண்ணீரை வேகமாக உறிஞ்சுவதால். எத்தனை கிலோ ஏறி வருகிறார்? மூன்று நாளில் மூன்று மூன்றரை ஏற்றிக்கொண்டு வந்தால் அதை மூன்று மணி நேரத்தில் இழுக்கும்போது உடம்பு தாங்காது. பிரஷர் இறங்கும், கால் இழுக்கும், எடுத்துவிடுவார்கள், தண்ணீரும் மிச்சம் நிற்கும் அழுக்கும் மிச்சம் நிற்கும். அடுத்த தடவை இன்னும் அதிகமாக ஏறி வருவார். இந்தச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டுதான் நான் ஒரு நாள் விடியற்காலையில் மூச்சு முட்டி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். படுத்தால் மூச்சு வராது, உட்கார்ந்தபடியே ஆட்டோவில் போனது இன்னும் கண்ணில் இருக்கிறது.

இன்னொன்று, சிறுநீர் எவ்வளவு போகிறது? வாரம் இரண்டு தடவை என்பது சொந்தக் கிட்னி இன்னும் கொஞ்சம் வேலை செய்கிறவர்களுக்குத்தான் தாங்கும். எனக்கு அது நின்றதும் மூன்றாக்கிவிட்டார்கள். மூன்றாவது நாளுக்கு நான் போட்ட சண்டை கொஞ்சமா நஞ்சமா, வாரத்தில் பாதி ஆஸ்பத்திரியிலேயே போகுமே என்று. ஒரு மாதம் கழித்துத்தான் பசி என்றால் என்னவென்று திரும்பத் தெரிந்தது.


காசிமேட்டு மகள்:

அண்ணா, படிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அப்பாவிடம் கேட்டேன். "வலி பொறுக்கமுடியலம்மா, ஆனா சொன்னா நீ பயப்படுவே" என்றார். 14 மாதமாக நான் அவரைப் பிடிவாதக்காரர் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

கேட்டதற்குப் பதில்: சிறுநீர் ஒரு நாளைக்கு அரை டம்ளர்கூட இல்லை. வியாழக்கிழமை 3.2 கிலோ ஏறிப் போகிறார், திங்கட்கிழமை நான்கைத் தொடும். தண்ணீர் அளந்துதான் கொடுக்கிறேன், ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். எப்படி ஏறுகிறது என்றே புரியவில்லை.


திருவொற்றியூர் வீட்டம்மா:

அம்மா, தண்ணீரை மட்டும் அளந்தால் போதாது, உப்பை அளந்தீர்களா? என் வீட்டுக்காரருக்கு ஆறு வருடமாக நடக்கிறது, நானும் முதலில் சொம்பைப் பூட்டி வைத்துக்கொண்டு அவரோடு சண்டை போட்டவள்தான். உடம்பில் எட்டு கிராம் உப்பு சேர்ந்தால் அது ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்று சும்மாவா சொன்னார்கள். தாகத்தை உண்டாக்கிவிட்டுத் தண்ணீர் கொடுக்காமல் இருப்பது அவர்களுக்குச் சித்திரவதை, நமக்குத் தெரியாமல் குழாயடியில் போய்க் குடித்துவிட்டு வருவார்கள்.

காசிமேடு என்கிறீர்கள், கருவாடு இல்லாத வீடா? நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், அப்பளம், காலையில் கடை சாம்பார், நான்கு மணிக்கு மிக்சர். இதையெல்லாம் நிறுத்தினால் பாதி ஏற்றம் தானாகக் குறையும். எங்கள் வீட்டில் கருவாட்டை நிறுத்திப் பச்சை மீனுக்கு மாறினோம், குழம்பில் உப்பைப் பாதியாக்கி, புளியும் மிளகும் பூண்டும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன். முதல் பத்து நாள் தட்டைத் தள்ளினார். அப்புறம் நாக்கு பழகிவிட்டது, இப்போது வெளியே சாப்பிட்டால் உப்புக் கரிக்கிறது என்கிறார். கடையில் "உப்புக்கு மாற்று" என்று விற்பதை வாங்கிவிடாதீர்கள், அது பொட்டாசியம், இவர்களுக்கு ஆபத்து. வெயில் காலத்தில் யாராவது பாசத்தில் இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள், அதுவும் கூடாது.

சர்க்கரை அளவையும் பாருங்கள், அது ஏறி இருந்தாலும் தாகம் எடுக்கும். சோறு இறங்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள், டயாலிசிஸில் புரதமும் கொஞ்சம் போகும், முட்டை வெள்ளைக் கருவாவது தினம் உள்ளே போகவேண்டும். ஆனால் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது வயிறு முட்டச் சாப்பாடு வேண்டாம். எங்களவர் அங்கேயே பார்சல் இட்லி நான்கு சாப்பிடுவார், பிரஷர் படாரென்று இறங்கும். முடித்துவிட்டு வெளியே வந்து சாப்பிடுவது என்று மாற்றினோம்.


வடசென்னை டெக்னீசியன்:

வீட்டம்மா சொன்னது அத்தனையும் சரி. தண்ணீர் கணக்கை நான் முடித்துவிடுகிறேன். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் உறிஞ்சாமல் இருப்பது நல்லது, அதற்கு மேலே போகப் போக இதயத்துக்குச் சுமை. 58 கிலோவுக்கு 4 மணி நேரத்தில் 3 லிட்டர் வரும். அப்பாவுக்கு 3.2 லிட்டரை மூன்றே காலில் எடுக்கும்போது 17 மில்லி ஆகிறது, கால் இழுக்காமல் என்ன செய்யும். ஆக, நேரத்தைக் கூட்டினால் குரக்களியும் குறையும். வலிக்கிறது என்று சீக்கிரம் எழுந்தால் அடுத்த தடவை வலி கூடும், இதை அப்பாவுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். ட்ரை வெயிட்டும் சரியா என்று டாக்டர் பார்க்க வேண்டும், 14 மாதத்தில் சதை கரைந்தோ கூடியோ மாறியிருக்கலாம். காலையில் பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வருகிறாரா, அன்று மட்டும் தள்ளிப் போடலாமா என்பதையும் டாக்டரிடமே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடுத்தது கை. எனக்கு உறுத்துவது அந்த 220தான். 14 மாத ஃபிஸ்டுலாவில் ஏன் 220? ஏற்றினால் அலாரம் அடிக்கிறதா, இல்லை யாரும் ஏற்றிப் பார்க்கவே இல்லையா? சில இடங்களில் எல்லாருக்கும் ஒரே எண்ணை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஏற்றும்போது இழுக்கும் பக்கத்து அழுத்தம் மைனஸ் 250ஐத் தாண்டினால் மெஷினில் காட்டும் ஓட்டம் உண்மையில் வராது. திரும்பும் பக்கத்து அழுத்தம் மாதா மாதம் ஏறிக்கொண்டே வந்தால் ஃபிஸ்டுலாவில் எங்கோ சுருக்கம். ஊசி எடுத்த பிறகு ரத்தம் நிற்க முன்னைவிட ரொம்ப நேரமாகிறதா? கையை மேலே தூக்கினால் நரம்பு தளர்ந்து அமுங்க வேண்டும், அமுங்காமல் புடைத்தே இருக்கிறதா? தொட்டால் தேனீ ரீங்காரம் போல அதிர வேண்டும், அது போய் வெறும் துடிப்பாக இருந்தாலும் கவனிக்க வேண்டும்.

இரண்டு ஊசியும் எவ்வளவு தள்ளிப் போடுகிறார்கள் என்றும் பாருங்கள். ரொம்பப் பக்கத்தில் போட்டாலோ ஓட்டம் குறைந்த கையாக இருந்தாலோ, சுத்தமாகித் திரும்பிய ரத்தமே மறுபடி மெஷினுக்குள் போய்விடும். மெஷின் நான்கு மணி நேரம் ஓடும், கழுவினதையே கழுவும். குறைந்தது ஐந்து சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். சிவப்புக் குழாயும் நீலக் குழாயும் இடம் மாறிப் போனாலும் இதே கதைதான்.

ரத்தம் எடுக்கும் விதத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் எண்ணே தப்பாக இருக்கலாம். முதல் சாம்பிள் சலைனோ ஹெப்பாரினோ கலக்கும் முன்பே எடுக்க வேண்டும். கடைசி சாம்பிளுக்கு நீர் உறிஞ்சுவதை நிறுத்தி, பம்ப்பை 100க்கு இறக்கி 15 விநாடி விட்டு, இழுக்கும் பக்கத்தில் எடுக்க வேண்டும். திரும்பும் பக்கத்தில் எடுத்தால் எண் அழகாக வரும், ஆள் சொறிந்துகொண்டே இருப்பார். உங்கள் ரிப்போர்ட் குறைவாக வந்திருப்பதால் அந்த ஏமாற்று இதில் இல்லை என்றே நினைக்கிறேன்.

யூரியா எண் ஒன்றை மட்டும் துரத்தவும் வேண்டாம். 2002இல் வெளிவந்த ஹீமோ ஆய்வில் கேடி/வியை 1.3 அளவில் இருந்து 1.7 வரை ஏற்றிப் பார்த்தார்கள், வாரம் மூன்று தடவை செய்கிறவர்களுக்கு உயிர்காப்பில் பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை. உங்கள் அப்பாவோ அந்த அடிப்படை அளவுக்கே வரவில்லை, அதனால் முதல் வேலை அதுதான். சொறிச்சலுக்குப் பாஸ்பரஸும் ஒரு காரணம், அது யூரியா மாதிரி சட்டென்று வெளியே வராது, அதிக நேரமும் அதிக நாளும் கேட்கும். பாஸ்பரஸ் மாத்திரை கொடுத்திருந்தால் சாப்பாட்டோடு சேர்த்துப் போடுகிறாரா பாருங்கள், வெறும் வயிற்றில் போட்டுப் பயனில்லை.


வியாசர்பாடி அண்ணன்:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். சென்டரில் சண்டைக்குப் போகிற மாதிரிப் போகாதே தங்கச்சி. அவர்களுக்கும் ஆள் குறைவு. நோட்டை எடுத்துக்கொண்டு போய், டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நாளைக் கேட்டு, "சார், அப்பாவுக்கு முழு நாலு மணி நேரம் கிடைக்க என்ன செய்யலாம், மூணாவது நாள் தேவையா, கையை ஒரு டாப்ளர் ஸ்கேன் பார்க்கலாமா" என்று இந்த மூன்றை மட்டும் கேள். மூன்றாவது நாளுக்கு அந்த சென்டரில் இடம் இல்லை என்றால் காப்பீட்டில் வேறு எந்த சென்டர் பக்கத்தில் இருக்கிறது என்று அங்கேயே விசாரி. போய்வர முடியவே முடியாது என்று வந்தால் வயிற்றில் பை மாற்றிச் செய்யும் டயாலிசிஸும் இருக்கிறது, மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் அந்தப் பைகளை வீட்டுக்கே கொடுக்கிறார்கள். அப்பாவுக்கு அது ஒத்துவருமா என்பது டாக்டர் சொல்லவேண்டியது.


காசிமேட்டு மகள் (ஐந்து வாரம் கழித்து):

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள், அலைச்சல்.

நோட்டு போட்டேன். எட்டு தடவையில் ஒரு தடவைகூட 4 மணி நேரம் ஓடவில்லை, அதிகபட்சம் 3 மணி 35 நிமிடம். டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத் திட்டுவாரோ என்று பயந்தேன், அவர் நோட்டையே வாங்கிப் புரட்டிவிட்டு ஃபைலில் எழுதினார். இப்போது அப்பாவைக் கடைசி ஷிப்டுக்கு மாற்றியிருக்கிறார்கள், அவருக்குப் பின்னால் யாரும் காத்திருக்கவில்லை, முழு 4 மணி நேரம் ஓடுகிறது. ஊசி இரண்டும் மூன்று விரல்கடைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள், இப்போது தள்ளிப் போடுகிறார்கள். கருவாடு நின்றுவிட்டது. அதுதான் இருப்பதிலேயே கஷ்டமாக இருந்தது, ஏலக் கடைக்காரர்கள் பாசத்தில் கொடுத்தனுப்பியதை எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். இப்போது 2.8க்கு மேல் ஏறுவதில்லை. குரக்களி இரண்டு வாரமாக வரவில்லை.

போன வாரம் ரிப்போர்ட்: முன்னால் 140, பின்னால் 49. யூஆர்ஆர் 65. மூன்றாவது நாளும் அடுத்த மாதத்தில் இருந்து கொடுக்கிறார்கள், சனிக்கிழமை. சொறிச்சல் முழுசாகப் போகவில்லை, ஆனால் நேற்று ராத்திரி மூன்று மணி நேரம் தொடர்ந்து தூங்கினார், நான்தான் மூச்சு வருகிறதா என்று இரண்டு தடவை எழுந்து பார்த்தேன்.

டாப்ளரில் தோள் பக்கம் நரம்பில் சுருக்கம் இருக்கிறது என்று வந்திருக்கிறது. வரும் செவ்வாய் பலூன் வைத்து விரிக்கப் போகிறார்கள். அதற்கு முன்னாடி திங்கட்கிழமை டயாலிசிஸ் போகலாமா, இல்லை தள்ளிப் போடவேண்டுமா?


வடசென்னை டெக்னீசியன்:

நீங்களாகத் தள்ளிப் போடாதீர்கள் அக்கா. முதல் நாள் டயாலிசிஸ் ஆகி, பொட்டாசியம் சரியாக இருந்தால் பலூன் பண்ணுகிறவர்களுக்கும் நல்லதுதான். ஆனால் செவ்வாய்க்கிழமை பலூன் என்று சென்டரில் இன்றே சொல்லிவிடுங்கள், ஹெப்பாரின் எவ்வளவு போடுவது என்று அவர்கள் டாக்டரைக் கேட்டு முடிவு செய்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் பலூன் பண்ணும் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யார் வந்தாலும் விடாதீர்கள். முடிந்து வந்ததும் கையைத் தொட்டு அதிர்வு எப்படி இருக்கிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள், அடுத்த டயாலிசிஸில் ஓட்டத்தை எவ்வளவு ஏற்ற முடிந்தது என்பதையும்.